துளையிடும் சுழற்சியும் திறந்து பார்க்கக்கூடிய போஸ்ட் கோப்பும்: ஓட்டோடெஸ்க் ஃபியூஷன் பற்றி ஹட்டனிலிருந்து ஒரு மதிப்பீடு

எங்கள் பட்டறைக்கு வரும் வேலைகளில் பெரும்பகுதி துளைகள்தாம். இலங்கை மலையகத்தில் ஹட்டனைச் சுற்றியுள்ள தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து உருட்டும் ரோலர்களும், உலர்த்தும் இயந்திரங்களும், தூள் சலிக்கும் சிப்டர்களும் பல பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் சில, சாமுவேல் டேவிட்சன் 1881ஆம் ஆண்டு பெல்ஃபாஸ்ட் நகரில் தொடங்கிய சிரோக்கோ ஆலையின் பெயரைத் தம் வார்ப்பிரும்பு உடலில் இன்றும் தாங்கி நிற்கின்றன. அந்த ஆலையே இல்லாமற்போன பிறகு அதன் உதிரிப்பாகத்தை யாரிடம் கேட்பது? உடைந்த பாகத்தைச் சாக்கில் சுற்றி எங்களிடம் கொண்டு வருகிறார்கள். பெயரிங் வீடு, கப்ளிங் ஃபிளான்ஜ், பற்சக்கரம் என்று எது வந்தாலும் அதில் ஒரு வட்டத்தைச் சுற்றி ஆறோ எட்டோ போல்ட் துளைகள் இருக்கும். கொழுந்து மிகுந்து வரும் மாதங்களில் ஒரு ரோலர் அரைநாள் நின்றாலும் வாடிய கொழுந்து வீணாகிவிடும் என்பதால், அந்த எட்டுத் துளைகளும் முதல் முறையிலேயே சரியாக அமைந்தாக வேண்டும். ஆகவே இயந்திரம் வெட்ட வேண்டிய பாதையைக் கணினியில் தயாரிக்கும் ஒரு கேம் (CAM) மென்பொருளை நான் அதன் முப்பரிமாணப் படங்களின் அழகைக் கொண்டு மதிப்பிடுவதில்லை. அது துளையிடும் சுழற்சியை எப்படி எழுதுகிறது, எழுதியது பிழையானால் அதைத் திருத்த எனக்கு வழி விடுகிறதா என்ற இரண்டையும் கொண்டே மதிப்பிடுகிறேன்.

அசைவுகளை நடத்தும் ஃபனுக் நிறுவனக் கட்டுப்பாட்டுப் பெட்டியுடன் கூடிய பழைய செங்குத்து மில்லிங் இயந்திரம் ஒன்றை வாங்கியபோது, அதனுடன் ஓட்டோடெஸ்க் ஃபியூஷன் என்ற கேம் மென்பொருளுக்கும் சந்தா கட்டினேன். இயந்திரத்தை விற்றவர் அதற்கென்றே தயாரித்தது என்று கூறி ஒரு போஸ்ட் புரொசெசர் கோப்பையும் தந்தார். மென்பொருள் தன் உள்ளே வைத்திருக்கும் கருவிப்பாதையை இயந்திரத்துக்குப் புரியும் ஜி குறியீட்டு வரிகளாக மாற்றி எழுதுவதே போஸ்டின் வேலை. வளைவுகளை வெட்டும் வேலையில் இந்த மாற்றம் பெரும்பாலும் நேரடியானது. கருவி எங்கே போக வேண்டுமோ அந்தப் புள்ளிகளை வரிசையாக எழுதிவிட்டால் போதும். துளையிடும் சுழற்சி அப்படியன்று. ஜி81, ஜி83 போன்ற ஒரே வரியில் ஆழம், பின்வாங்கும் மட்டம், கொத்தும் அளவு (ஒரு முறைக்கு எவ்வளவு ஆழம் இறங்குவது), துளையின் அடியில் நிற்கும் நேரம், ஊட்டவேகம் ஆகிய அனைத்தையும் சுருக்கிக் கொடுக்க, மீதி அசைவுகளைக் கட்டுப்பாட்டுப் பெட்டியே தன் சொந்த விதிப்படி செய்துகொள்கிறது. எனவே போஸ்டும் பெட்டியும் ஒரே எழுத்துக்கு ஒரே பொருளைக் கொள்ளாவிட்டால், பிழை உடனே துளையில் தெரியும்.

எங்களுக்கு அது முதல் வேலையிலேயே தெரிந்தது. 25 மில்லிமீற்றர் தடிப்புள்ள மென் உருக்கு ஃபிளான்ஜில் எம்10 மரைக்காக 8.5 மில்லிமீற்றர் துளைகள் எட்டு. ஒவ்வொரு முறையும் 2 மில்லிமீற்றர் கொத்தி, முழுதாக மேலே வந்து சீவலை வெளியேற்றும் ஆழ்துளைச் சுழற்சியைத் தெரிவு செய்திருந்தேன். நிரலை ஓட்டிவிட்டு வேறு வேலையில் இருந்தபோது, உதவியாளர் வந்து, "அண்ணே, மெஷின் ஓடுது, ஆனா துளை இறங்கல" என்றார். ஸ்பிண்டில் சுழல்கிறது, இசட் அச்சு நடுங்குவதுபோல் மேலும் கீழும் அசைகிறது, டிரில் பிட்டின் முனையோ உருக்கைத் தொடக்கூட இல்லை. நிரலைத் திறந்து பார்த்தபோது ஜி83 வரியில் கொத்தும் அளவு கியூ2 என்று இருந்தது. தசமப் புள்ளி இல்லை. ஃபனுக் பெட்டியில் 3401ஆம் இலக்கப் பராமீற்றரின், அதாவது பெட்டியின் உள்ளமைப்பு ஒன்றின், பூச்சிய பிட் (0 அல்லது 1 ஆக இருக்கும் ஓர் இலக்கம்), புள்ளியில்லாத எண்ணை எப்படி வாசிப்பது என்பதைத் தீர்மானிக்கிறது. அது 0 ஆக இருந்தால் புள்ளியில்லாத 2 என்பது மிகச்சிறிய அலகில் இரண்டு, அதாவது 0.002 மில்லிமீற்றர். பின்வாங்கும் மட்டத்திலிருந்து துளையின் அடிவரை ஏறத்தாழ 30 மில்லிமீற்றர். அப்படியானால் ஒரு துளைக்கு 15,000 கொத்துகள். பிட் 1 ஆக அமைந்த வேறொரு இயந்திரத்தில் இதே வரி ஒழுங்காக 2 மில்லிமீற்றராகவே வாசிக்கப்பட்டிருக்கும். கோப்பைத் தயாரித்தவர் அப்படிப்பட்ட ஓர் இயந்திரத்தில் சோதித்திருந்தால் அவர் கண்ணில் இது படவே பட்டிருக்காது.

ஃபியூஷனின் அருமை எனக்குப் புரிந்தது இந்த இடத்தில்தான். அதன் போஸ்ட் கோப்பு பூட்டப்பட்ட பெட்டியன்று. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்ட, சி.பி.எஸ். என்று முடியும் சாதாரண எழுத்துக்கோப்பு. எந்த எழுத்துத் தொகுப்பியிலும் அதைத் திறக்கலாம். விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற இலவசத் தொகுப்பியில் ஓட்டோடெஸ்க் தரும் துணைநிரலையும் சேர்த்துக்கொண்டால், வெளிவந்த நிரலின் ஒரு வரியைத் தெரிவு செய்ததும் அந்த வரியை எழுதிய போஸ்டின் வரிக்கே அது நம்மைக் கொண்டுபோய் விடுகிறது. ஜி83 வரியை அப்படித் தொடர்ந்து போனபோது, கொத்தும் அளவுக்கு மட்டும் தசமமே இல்லாத ஒரு தனி வடிவம் வரையறுக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். எக்ஸ், வை, இசட் எண்களுக்குப் பயன்படும் வடிவத்தையே கியூவுக்கும் கொடுத்தேன். கியூ2 என்பது புள்ளியுடன் வெளிவந்தது, துளை இறங்கியது. நிரலாக்கம் படிக்காதவன் நான்; கடைசல் இயந்திரத்தில் தொடங்கி வந்தவன். என்னாலேயே ஒரு மாலைப்பொழுதில் இதைக் கண்டுபிடிக்க முடிந்தது என்பதை இந்த மென்பொருளுக்கான மிகப் பெரிய பாராட்டாகக் கருதுகிறேன்.

இரண்டாவது பிழை விலை கேட்டது. வார்ப்பிரும்பு பெயரிங் வீடு ஒன்றை மேசையில் இரண்டு கிளாம்ப்களால் இறுக்கியிருந்தோம். முதல் துளை முடிந்து இரண்டாவதற்கு நகரும்போது டிரில் பிட் கிளாம்பின் பக்கவாட்டில் மோதி முறிந்தது. சுழற்சியின் முடிவில் கருவி எந்த உயரத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதை ஜி98, ஜி99 என்ற இரு குறியீடுகள் சொல்கின்றன: முன்னது சுழற்சி தொடங்குமுன் கருவி நின்ற உயர்ந்த மட்டத்துக்கும், பின்னது ஆர் என்று குறிக்கப்படும், பொருளுக்குச் சற்று மேலேயுள்ள தாழ்ந்த மட்டத்துக்கும் அதைத் திரும்பச் செய்யும். ஃபியூஷன் நூலகத்தில் கிடைக்கும் பொதுவான ஃபனுக் கோப்பு ஜி98 எழுதுவது. எங்களுக்குக் கிடைத்த கோப்பில் யாரோ நேரத்தை மிச்சப்படுத்த எண்ணி அதை எல்லாச் சுழற்சிகளிலும் ஜி99 ஆக மாற்றியிருந்தார்கள். தட்டையான தகட்டில் நூறு துளை போடுபவருக்கு அது நல்ல மாற்றமாக இருக்கலாம். மேடும் பள்ளமுமான வார்ப்பில், உயர்ந்து நிற்கும் கிளாம்ப்களுக்கிடையே துளை போடும் எங்களைப் போன்றவர்களுக்கு அது ஆபத்து.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த நிரலை வெளியிடுமுன் கருவியின் அசைவைத் திரையில் ஓட்டிக் காட்டும் ஃபியூஷனின் உருவகத்தில் (simulation) நான் ஓட்டிப் பார்த்திருந்தேன்; கருவி கிளாம்புக்கு மேலே தாராளமாக உயர்ந்து சென்றது. நான் பார்த்த அந்த உருவகம் மென்பொருளின் உள்ளேயிருக்கும் கருவிப்பாதையையே காட்டுகிறது. போஸ்ட் பிற்பாடு எழுதப்போகும் வரிகளை அது அறியாது. ஆகவே போஸ்டில் உள்ள எந்தப் பிழையும் அதில் தென்பட வழியில்லை. திரையில் பச்சையாகத் தெரிந்ததை நம்பி இயந்திரத்தின் பொத்தானை அழுத்தும் இளைஞர்களுக்கு இதை முதல் நாளிலேயே சொல்லிக் கொடுங்கள் என்று பட்டறை நடத்தும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

இயந்திரத்தை விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தபோது, கோப்பைத் திறந்ததே தவறு என்றார். அதன்பின் அந்தக் கோப்பை ஒதுக்கிவிட்டு, நூலகத்திலிருந்து பொதுவான ஃபனுக் கோப்பை எடுத்து, எங்கள் இயந்திரத்துக்குத் தேவையானவற்றை மட்டும் ஒன்றொன்றாக மாற்றினோம். அந்தப் பொதுக்கோப்பு நன்றாக எழுதப்பட்டது. ஆயினும் அதன் சில நடத்தைகள் முதற்பார்வையில் பிழைபோலத் தோன்றும் என்பதால், அவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மிக அதிகமாகக் குழப்பியது இதுதான். ஆழ்துளைச் சுழற்சியில் துளையின் அடியில் சற்று நிற்கட்டும் என்று நிற்கும் நேரத்தையும் கொடுத்தேன். வெளிவந்த நிரலில் ஜி83 மறைந்துபோய், ஒவ்வொரு கொத்தும் தனித்தனி ஜி0 (விரைவு அசைவு), ஜி1 (வெட்டும் அசைவு) வரிகளாக நீண்டு கிடந்தது. எட்டுத் துளைக்குத் துளையொன்றுக்கு 15 கொத்து என்றால் 120 கொத்துகள். நினைவகம் சிறிதான பழைய பெட்டியில் இது சாதாரணச் சுமையன்று. போஸ்ட் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். கோப்பை வாசித்தபோது காரணம் விளங்கியது: கொடுக்கப்பட்ட நிபந்தனைகளை ஜி83 வரியால் முழுமையாகச் சொல்ல முடியாது என்று கண்டால், எக்ஸ்பான்ட்சைக்கிள்பொயின்ட் என்ற செயற்கூற்றை அழைத்து, அது எல்லா அசைவுகளையும் விரித்து எழுதிவிடுகிறது. நாம் கேட்டதில் எதையும் கைவிடாமலிருக்க எடுத்த முடிவு அது, பிழையன்று. நிற்கும் நேரத்தைப் பூச்சியமாக்கியதும் ஜி83 திரும்பி வந்தது. சீவல் முறிக்கும் ஜி73 சுழற்சியிலும் இதே கதைதான். எத்தனை ஆழம் கொத்திய பின் முழுதாக வெளியேற வேண்டும் என்று கேட்கும் கட்டத்தில் மொத்த ஆழத்தைவிடக் குறைந்த எண் இருந்தால், ஜி73 வராது. விரிந்த வரிகளே வரும்.

இதற்கு நேர்மாறாக, கேட்டதைச் சத்தமின்றிக் கைவிடும் இடமும் உண்டு. கொத்தும் அளவு ஆழம் போகப்போகக் குறைந்துகொண்டே செல்லட்டும் என்று மென்பொருளில் எழுதலாம்; ஆனால் பொதுவான ஃபனுக் கோப்பின் ஜி83 வரியில் ஒரே ஒரு கியூதான் வெளிவருகிறது, அந்தக் குறைப்பு எங்கும் தென்படாது. ஜி73 சுழற்சியில் சீவலை முறிக்கக் கருவி எவ்வளவு பின்வாங்க வேண்டும் என்பதும் அவ்வாறே. ஃபியூஷனில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. ஃபனுக்கோ அந்த அளவைத் தன் 5114ஆம் பராமீற்றரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஜி83 சுழற்சியில் மீண்டும் இறங்கும்போது விடும் இடைவெளிக்கு 5115. சீவல் முறியவில்லை என்று இரண்டு நாள் போஸ்டைக் குடைந்துகொண்டிருந்த நண்பர் ஒருவருக்கு, இந்த எண்ணை இயந்திரத்தில் பார்க்கச் சொன்னதே போதுமாயிருந்தது. கோளாறு தேடுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: இந்த அளவு நிரலின் வரியில் வருகிறதா, பெட்டியின் உள்ளே இருக்கிறதா? உள்ளே இருப்பதைப் போஸ்டில் தேடி எந்தப் பயனும் இல்லை.

நிற்கும் நேரத்தின் அலகையும் கவனிக்க வேண்டும். ஃபனுக்கில், துளையின் அடியில் நின்று மேலேறும் சுழற்சியான ஜி82 வரியின் பி என்ற எழுத்து மில்லிசெக்கனில் எண்ணப்படுகிறது. அரைச் செக்கனுக்கு 500. கணினியிலிருந்தே இயந்திரத்தை நடத்தும் லினக்ஸ்சிஎன்சி என்ற மென்பொருள் அதைச் செக்கனாகவே வாசிக்கும். ஃபனுக் போஸ்டின் நிரலை அங்கே கொண்டுபோனால் டிரில் பிட் ஒவ்வொரு துளையின் அடியிலும் எட்டு நிமிடத்துக்கு மேல் நின்று சுழலும்.

மரை வெட்டுவதில் ஃபியூஷன் எங்களை ஏமாற்றவில்லை. மரை வெட்டும் கருவியான டெப் பிட்டின் மரை இடைவெளியைக் கருவி அட்டவணையில் சரியாகக் கொடுத்துவிட்டால், ஊட்டவேகத்தை அதுவே கணக்கிடுகிறது. எம்10 மரைக்கு இடைவெளி 1.5 மில்லிமீற்றர், ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் ஊட்டவேகம் நிமிடத்துக்கு 450 மில்லிமீற்றர். நிரலில் இந்தப் பெருக்கலைக் கையால் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். ஸ்பிண்டிலின் சுற்றும் இசட் அச்சின் இறக்கமும் பிணைந்து நடக்கும் இறுக்க மரைவெட்டுக்கு ஃபனுக் எம்29 குறியீட்டை எதிர்பார்ப்பதும் உண்டு, 5200ஆம் பராமீற்றரின் பூச்சிய பிட் 1 ஆயிருந்தால் அது இல்லாமலே ஏற்பதும் உண்டு. பொதுக்கோப்பில் இதற்கென ஒரு தெரிவு இருப்பதால் கோப்பைத் தொடாமலே இயந்திரத்துக்கு ஏற்ப அமைத்துக்கொள்ள முடிந்தது. சுழற்சியை முடிக்கும் ஜி80 பற்றி மட்டும் ஒரு வார்த்தை: அது விடுபட்டால் அடுத்து வரும் எக்ஸ், வை புள்ளியிலும் ஒரு துளை விழும் என்று அஞ்சுவார்கள். ஃபனுக்கில் ஜி0 அல்லது ஜி1 வந்தாலும் சுழற்சி நீங்கிவிடும் என்பதால் பெரும்பாலும் தப்பித்துவிடுவோம். இருந்தும் பொதுக்கோப்பு ஒவ்வொரு சுழற்சியின் இறுதியிலும் ஜி80 எழுதுவதை நான் விரும்புகிறேன். நிரலை வாசிக்கும் மனிதக் கண்ணுக்கு அது ஒரு முற்றுப்புள்ளி.

தமிழில் வேலை செய்பவர்களுக்கென ஒரு குறிப்பு. எங்கள் இளைஞர்கள் வேலைப்படிகளுக்கு ஃபியூஷனில் 'போல்ட் துளை', 'மரை' என்று தமிழிலேயே பெயரிட்டார்கள். மென்பொருள் ஏற்றுக்கொண்டது. ஆனால் வெளிவந்த நிரலில் குறிப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் அடைப்புக்குறிகள் மட்டுமே மிஞ்சின. குறிப்பில் எந்தெந்த எழுத்துகளை அனுமதிப்பது என்ற ஒரு வரி போஸ்டில் உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் எண்களும் சில குறிகளுமே அதில் அடக்கம். பெட்டியால் தமிழைக் காட்ட முடியாது என்பதால் அந்த வரியை மாற்றாதீர்கள். பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு, போஸ்ட் கோப்பின் உள்ளே நீங்கள் செய்த மாற்றங்களுக்கான விளக்கத்தைத் தமிழில் எழுதுங்கள். நிரலில் அது வெளிவராது, கோப்புக்கும் கேடில்லை. எங்கள் கோப்பில் ஜி98 வரிக்கு மேலே, கிளாம்பில் மோதிய நாளும் காரணமும் தமிழில் இருக்கின்றன. அடுத்து யார் அதைத் திறந்தாலும் மாற்றுமுன் ஒரு கணம் நின்று வாசிப்பார்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் மூன்று துளைகள் மட்டுமுள்ள ஒரு சிறு மாதிரியை, எல்லாச் சுழற்சிகளிலும் நிரலாக்கி, பழைய நிரலுடன் வரிக்கு வரி ஒப்பிடுகிறோம். பிறகு வேலைப் பூச்சியத்தை (நிரல் அளவெண்ணத் தொடங்கும் புள்ளியை) 100 மில்லிமீற்றர் உயர்த்தி, ஒற்றை வரி நிலையில், விரைவு ஓட்டத்தை ஆகக் குறைத்துக் காற்றில் ஓட்டுகிறோம். கடைசியாக யூக்கலிப்டஸ் பலகை. மலையகத்தில் அதற்குப் பஞ்சமில்லை. மென்பொருள் போஸ்டுக்கு என்னென்ன தகவல் அனுப்புகிறது என்றே தெரியாமல் திணறும்போது, டம்ப் என்ற பெயரில் நூலகத்திலேயே கிடைக்கும் போஸ்டை ஓட்டினால் அது எல்லா அழைப்புகளையும் அளவுகளையும் அப்படியே கொட்டிக் காட்டும். கொத்தும் அளவு மென்பொருளிலிருந்தே தவறாக வருகிறதா, போஸ்டில் தவறாகிறதா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேறெங்கும் கிடைக்காது.

குறைகளையும் சொல்ல வேண்டும். சந்தா டொலரில். 2022ஆம் ஆண்டு ஒரு டொலர் சில வாரங்களில் 200 ரூபாய் அளவிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியதைப் பார்த்தவர்கள், ஆண்டுதோறும் டொலரில் கட்ட வேண்டிய எதையும் கைநடுக்கத்துடனேயே ஏற்பார்கள். தனிப்பட்ட பயன்பாட்டுக்கான இலவச உரிமம் உண்டு; ஆனால் அது தொழிலுக்கானதன்று, தானியங்கிக் கருவி மாற்றமும் விரைவு ஓட்டமும் அதில் கிடையா. இணையமின்றி இரண்டு வாரம் வரை வேலை செய்யலாம் என்பது கொழும்பில் இருப்பவருக்குத் தாராளம். மழைக்காலத்தில் மண்சரிந்து கம்பிகள் அறுந்த தோட்டப்பகுதிக்கு அது அவ்வளவு தாராளமன்று. போஸ்ட் எழுதுவது பற்றி ஓட்டோடெஸ்க் வெளியிட்டுள்ள வழிகாட்டி மிக நன்றாக இருக்கிறது, முழுவதும் ஆங்கிலத்தில். தமிழ் மொழிமூலம் படித்துவிட்டு வரும் எங்கள் பிள்ளைகளுக்கு அருகில் அமர்ந்து ஒருவர் விளக்கியாக வேண்டும்.

இந்தக் காரணங்களுக்காகச் சந்தா கட்ட இயலாதவர்கள் ஃப்ரீகேட் மென்பொருளைப் பார்க்கலாம். அது இலவசம், இணையம் தேவையில்லை, அதன் போஸ்ட் கோப்புகளும் பைதன் மொழியில் திறந்தே இருக்கின்றன. ஜிஆர்பிஎல் என்ற எளிய கட்டுப்பாட்டு நிரல் ஓடும் சிறிய மின்பலகையுடன் மரவேலை செய்பவர்களுக்கு அதில் ஒரு தனி வசதி உண்டு: ஜிஆர்பிஎல் ஜி81, ஜி83 எதையுமே அறியாது, கண்டால் 20ஆம் இலக்கப் பிழையைக் காட்டி நின்றுவிடும், ஃப்ரீகேட்டின் ஜிஆர்பிஎல் போஸ்டில் சுழற்சிகளை ஜி0, ஜி1 வரிகளாக விரித்துத் தரும் தெரிவு இருக்கிறது. ஆனால் பிழையான வரியிலிருந்து அதை எழுதிய இடத்துக்கு ஒரே தட்டலில் போகும் வசதி ஃபியூஷனில் இருப்பதுபோல் அங்கே எனக்கு அமையவில்லை. வாரத்துக்கு நான்கைந்து புதிய பாகங்கள் வரும் எங்கள் பட்டறைக்கு அந்த நேரம் பெறுமதியானது.

ஆகவே இவ்வாண்டும் சந்தாவைப் புதுப்பிக்கிறேன். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். கழித்த ஒன்று டொலருக்கும் இணையத்துக்கும். ஃபனுக் பெட்டி உள்ளவர்கள் யார் தந்த போஸ்டையும் ஏற்குமுன், நூலகத்திலுள்ள பொதுக்கோப்புடன் அதை ஒப்பிட்டு, ஜி98, கியூவின் புள்ளி, எம்29 ஆகிய மூன்று இடங்களையாவது பார்த்துவிடுங்கள். கோப்பைத் திறக்கக்கூடாது என்று விற்பவர் சொன்னால், இயந்திரத்துக்குப் பணம் கொடுக்குமுன்பே அதற்கான காரணத்தைக் கேளுங்கள்.